பால்செடிப் பஞ்சு

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு குட்டித் தலையணை கிடக்கிறது. முழ நீளம், அரை முழ அகலம். கோதுமை மாவு வந்த துணிப்பையை வெட்டித் தைத்தது. எத்தனை முறை துவைத்தும் போகாத நீல எழுத்து ஒன்று மூலையில் இன்னும் தெரிகிறது. கையில் எடுத்தால் எடையே இருக்காது. உள்ளே இருப்பது இலவம் பஞ்சு அல்ல. என் மூத்த மகள் பெட்டியைத் துப்புரவு செய்யும்போதெல்லாம், "இத இன்னும் எதுக்கும்மா வச்சிருக்கீங்க, பூச்சி அடிக்கப் போகுது" என்பாள். "இருந்துட்டுப் போகட்டும், ஒன்கிட்ட சோறா கேக்குது?" என்பேன். பிறந்த பதினாறாம் நாள் அவளை அதில்தான் படுக்க வைத்தோம் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் அது வேறொரு பிள்ளைக்காகத் தைக்கப்பட்டது என்பதும் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுகை அப்போதே வரவில்லை, இப்போது எங்கிருந்து வரப்போகிறது.

தலையணையைத் தைத்தவர் என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்ட ஆட்கள் வரிசையாக ஒட்டிய அறைகளில் குடியிருந்த லயத்துக்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே ரயில் ரோடு. அண்ணனும் அண்ணியும் லயத்தில் மூன்றாவது காம்பரா. என்னை அதே லயத்தில் அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்ததால், நான் வாழப்போனது ஐந்தாவது காம்பரா. தாய்வீட்டுக்குப் போகப் பன்னிரண்டு எட்டு நடந்தால் போதும். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்தொன்பது வயது, அண்ணிக்கு இருபத்தாறோ ஏழோ. அதற்குள் அவருக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டிருந்தன. ஒன்று ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. இன்னொன்று பிறந்து ஒன்பது நாள் இருந்தது. மூன்றாவது தங்கியபோது லயத்தில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை எங்கள் ஆட்களுக்கு உண்டு.

அந்த மூன்றாவதைக் காப்பாற்ற அண்ணி எடுத்த பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளையைச் சுமப்பவளும் அவள் புருஷனும் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் பாம்பு, கோழி என்கிற அளவில் அதைக் கடைப்பிடிப்பார்கள். அண்ணி அட்டை வரைக்கும் கொண்டுபோனார். வட்டவளை மலையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். வருஷத்தில் பாதி நாள் மழை. கொழுந்து எடுக்கத் தேயிலை நிரைக்குள் இறங்கினால் காலெல்லாம் அட்டை. நாங்கள் சவுக்காரம் தேய்த்துக்கொள்வோம், சுண்ணாம்பு வைப்போம், பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவோம். அண்ணி மட்டும் ஒவ்வொன்றாகப் பிய்த்து, புல்லில் விட்டு, "போ, வேற எடம் பாத்துக்க" என்பார். பக்கத்து நிரைப் பெண்கள் விடுவார்களா? "பாருங்கடி, அட்டைக்கு விருந்து வச்சு அனுப்புறா. மொய் எழுதிட்டுப் போகச் சொல்லு" என்று கத்துவார்கள். அண்ணியும் சிரிப்பார். சிரித்தபடியே அடுத்த அட்டையையும் அப்படியே இறக்கி விடுவார். அண்ணன் அதைவிட மோசம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறவர், காலில் ரத்தம் வழிய வழிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஈர்க்குச்சியால் எடுத்து வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் வைப்பார். மறுநாள் அதே அட்டை அவரையே தேடி வரும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதையும் வாங்கக்கூடாது. போன தடவை ஆசைப்பட்டு அட்டன் டவுன் கடையில் ஒரு சட்டை வாங்கி வைத்துவிட்டோம், அதனால்தான் ஒன்பதாம் நாள் போயிற்று என்று அண்ணி நம்பினார். இந்தத் தடவை ஒரு துண்டு நூல்கூட வாங்கவில்லை. ஆனால் தாய் மனசு சும்மா இருக்குமா? வாங்காமல் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். கிடைத்தது பால்செடி.

ரயில் ரோட்டு மேட்டில் அது தானாக முளைத்துக் கிடந்தது. இடுப்பு உயரச் செடி. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் கெடுதல் என்பார்கள். ஆடு வாய் வைக்காது. குங்குமச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், நடுவில் மஞ்சள். பூ காய்ந்ததும் மிளகாய் மாதிரி நீளக் காய் நிமிர்ந்து நிற்கும். காய் வெடித்தால் உள்ளே அடுக்கடுக்காக விதை, ஒவ்வொரு விதைக்கும் ஒரு பஞ்சுக் குடுமி. அண்ணியின் தாயார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த ஊரில் எருக்கம் பஞ்சில் தலையணை தைத்துப் பிள்ளையைப் படுக்க வைத்தால் அசராமல் தூங்கும் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் குளிரில் எருக்குக்கு எங்கே போவது? "இது எருக்கோட தங்கச்சி, புள்ள. அதே பாலு, அதே பஞ்சு. காசு குடுத்தா வாங்குறேன்? மலையில கெடக்கிறத எடுக்கிறேன். அதுல என்ன குத்தம்?" என்றார் அண்ணி. குற்றம் இல்லை என்று நானும் சொன்னேன். மாவுப் பை துணியும் ரேஷனோடு சும்மா வந்ததுதானே.

தை மாதம் மழை விட்டதிலிருந்து வேலை முடிந்து வரும்போதெல்லாம் இருவரும் மேட்டில் இறங்குவோம். காய் வெடித்துவிட்டால் பஞ்சு பறந்துவிடும், பனியில் நனைந்தால் ஒட்டிப்போகும். வெடிப்பதற்கு முதல் நாள் காயின் முதுகில் ஒரு கோடு தெளியும், அன்றைக்குப் பறிக்க வேண்டும். ஒரு காயில் கிடைப்பது ஒரு சிட்டிகைப் பஞ்சு. அதற்குள் சிவப்புப் பூச்சிகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு காயைக் குத்திக்கொண்டிருக்கும். தளிரில் மஞ்சள் பேன் அப்பியிருக்கும். யாரும் சீண்டாத செடி என்று பெயர், அதை நம்பிப் பிழைக்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை. அண்ணி அந்தப் பூச்சிகளை ஊதி விலக்கிவிட்டுத்தான் காயைத் தொடுவார். ஒரு மாதம் சேர்த்தும் ஒரு சின்னச் சட்டிகூட நிறையவில்லை.

மாசியில் புழு வந்தது. முதலில் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் மேட்டில் சுற்றின. அண்ணி நின்று பார்த்து ரசித்தார். பத்து நாளில் செடியெல்லாம் புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் வளையமாக, முதுகில் கறுப்புக் கொம்பு நிமிர்த்திக்கொண்டு, ஒளிய வேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் பட்டப்பகலில் தின்றன. குருவி பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும், பார்க்கும், பறந்துவிடும். "பால் குடிச்ச புழு, கசக்கும் போல. குருவி கூடத் தொட மாட்டேங்குது பாரேன்" என்று எனக்குக் காட்டியதே அண்ணிதான். இலை முடிந்ததும் பிஞ்சுக் காயைக் கடிக்கத் தொடங்கின. அப்போது அண்ணிக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. இன்னும் அரைத் தலையணைக்குப் பஞ்சு வேண்டும்.

"புழுவ எடுத்துப் போட்டுருவோம் அண்ணி."

"ஐயையோ, வேணாம் புள்ள. அதுவும் வயித்துக்குத்தான திங்குது."

"வேற செடியில கொண்டுபோயி விட்டா?"

"வேற செடி திங்காது. விட்டுப் பாத்தேன். அப்புடியே சுருண்டு கெடந்துச்சு, திரும்ப இதுலயே கொண்டாந்து விட்டேன்."

சொல்லிவிட்டுக் கடிபட்ட பிஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தலையணை அமைந்தால் பிள்ளை தங்கும் என்று அவர் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். வாயால் சொன்னதில்லை, ஆனால் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணி இடுப்பு வலி என்று கதவைச் சாத்திப் படுத்திருந்தார். நான் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஒரு பழைய தகர டின்னை எடுத்துக்கொண்டு மேட்டில் இறங்கி, செடி செடியாகப் புழுவைப் பிய்த்துப் போட்டேன். வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தன. எண்ணவில்லை, தகரத்தில் பாதி வந்தது. மேலே கொண்டுவந்து, கானோரம் வைத்து, வெந்நீரை ஊற்றினேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். தண்ணீர் பச்சையானது. அப்படியே கானில் கவிழ்த்து, ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். எனக்கென்ன பயம்? வயிற்றில் பிள்ளை இருப்பது அவருக்கு, எனக்கு இல்லை. அவர் கையால் செய்யக்கூடாததை நான் என் கையால் செய்கிறேன், புண்ணியம் என்றுதான் நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன்.

மறுநாள் அண்ணி மேட்டில் நின்று கேட்டார்: "புழுவெல்லாம் எங்க புள்ள?"

"குருவி தின்னுருக்கும் அண்ணி."

வாயில் வந்ததைச் சொன்னேன். குருவி தொடாது என்று அவரே எனக்குக் காட்டியது அப்போது நினைவுக்கு வரவில்லை. அண்ணி என்னை ஒரு தரம் பார்த்தார். "ஓஹோ" என்றார். பங்குனி முழுவதும் காய் முற்றியது. சட்டி நிறைந்தது. ஒவ்வொரு குடுமியிலிருந்தும் விதையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பஞ்சைத் துணிக்குள் திணித்து, அண்ணி இஸ்தோப்பில் உட்கார்ந்து வாயைத் தைத்தார். தைத்து முடித்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு புள்ள, மேகத்துல தல வச்சாப்புல" என்று சிரித்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சித்திரையில் வலி கண்டது. மருத்துவிச்சியம்மா வந்தார். காலையில் தொடங்கி மாலை ஐந்து மணிக்குப் பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை. முழுப் பிள்ளை, தலை நிறைய முடி. அழவில்லை. மருத்துவிச்சியம்மா காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினார், வாயில் ஊதினார், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். நான்தான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வெந்நீரில் ஆவி பறந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் நிறுத்திக்கொண்டார். அண்ணன் பழைய வேட்டியில் சுற்றிய பிள்ளையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு தோட்டத்துச் சுடுகாட்டுக்கு நடந்தார், பின்னால் மண்வெட்டியோடு என் வீட்டுக்காரர். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தரையைக் கழுவினேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலைக்குப் போனேன். கை தன்பாட்டில் கொழுந்தைக் கிள்ளியது. உள்ளே ஒன்றும் இல்லை. மரத்துப்போனது என்பார்களே, அது வலிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், வலிக்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாந்தி எடுத்தேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எப்போதும் நாள் தவறித் தவறித்தான் வரும், அதனால் கணக்கு வைத்ததில்லை. மருத்துவிச்சியம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மூன்று மாதம் இருக்கும் என்றார். நான் விரலை மடக்கி எண்ணினேன். சித்திரை, பங்குனி, மாசி. அந்த ஞாயிற்றுக்கிழமை தகரத்தில் வெந்நீர் ஊற்றும்போது என் வயிற்றிலும் ஓர் உயிர் இருந்திருக்கிறது. அண்ணியின் பிள்ளைக்காகக் கொன்றேன், அந்தப் பாவம் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டது, இனி என் பிள்ளையையும் எடுக்கும் என்று உறுதியாக நம்பினேன். யாரிடம் சொல்வது? ஆறு மாதம் அப்படியே போனது. ஆசையாக ஒரு புளி கேட்கவில்லை, ஒரு பேர் யோசிக்கவில்லை. இதுவும் போகும், எப்போது போகும் என்றுதான் காத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் பிறந்தவள்தான் என் மூத்தவள். பிறந்தவுடன் கத்திய கத்தலில் ரயில் ரோட்டு ஆட்கள் நின்று பார்த்தார்கள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒன்பது நாள் எண்ணினேன். பத்தாம் நாளும் உயிரோடு இருந்தாள். பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டபோது அண்ணி வந்தார், கையில் அந்தத் தலையணை. பிள்ளையின் தலையைத் தூக்கி அதை வைத்தார். "தூங்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொன்று சேர்த்த பஞ்சில் என் பிள்ளை தூங்கியது. உண்மையிலேயே அசராமல் தூங்கியது.

அண்ணிக்கு அதன்பிறகு பிள்ளை இல்லை. என் மகளை அவர்தான் வளர்த்தார் என்று சொன்னால் பொய்யில்லை. பால்செடிப் பக்கம் இருவருமே போகவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் தோட்டத்தில் இருந்த அடுத்த ஏழு வருஷமும் அட்டையைப் பிய்த்துப் புல்லில்தான் விட்டார். "போ, வேற எடம் பாத்துக்க." இப்போது யாரும் கேலி செய்யவில்லை. நான் அடுத்த நிரையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கொழுந்து கிள்ளுவேன். சொல்லிவிடலாம் என்று நாளைக்கு நாலு தரம் வாய் வரை வரும். வந்த வழியே திரும்பிப் போகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அண்ணன் போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள். எங்கள் மனு இன்னும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. "போயிருவோம்" என்றார், அவ்வளவுதான். இந்தியாவில் காணாத ஊருக்கு இரண்டு பெட்டியும் ஒரு பாய்ச் சுருட்டுமாகக் கிளம்பினார்கள். வட்டவளை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றோம். இங்கிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல். அண்ணன் சாமானோடு முன்னால் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் கூடப் போனார். என் மகள் அண்ணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வயது. அண்ணி அவள் பிடியை மெல்ல விடுவித்து, அவளை என் பக்கம் நகர்த்திவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அன்னைக்கு நீ புழுவக் கொன்னத நான் பாத்தேன் புள்ள. கதவுச் சந்துல."

"அண்ணி" என்றேன்.

"ஒன்னையக் குத்தம் சொல்லல. ஒரு சத்தம் குடுத்திருந்தா நீ நிறுத்திருப்ப. குடுக்கல. பஞ்சு கெடச்சிரும்னு சந்தோஷப்பட்டேன். நீ தண்ணி ஊத்தையில நல்லா ஊத்துன்னு மனசுக்குள்ள சொன்னேன் புள்ள. கொன்னது ஒன் கையி, கொல்லச் சொன்னது என் வயிறு. அதான் எம் புள்ள தங்கல. நீ மனசுல வச்சுக்காத."

ஏழு வருஷம் நான் என்னுடையது என்று சுமந்ததை அவர் தன்னுடையது என்று சுமந்திருக்கிறார். இரண்டு கதவு தள்ளி. நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் என்னிடம் இருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணி, அன்றைக்கு நானும் சுமந்துகொண்டிருந்தேன். பார்த்தவருக்கே பாவம் என்றால், தன் கையாலேயே ஊற்றியவளின் பிள்ளை எப்படிப் பிழைத்தது? இப்படி ஒரு கேள்வி போதும், அவர் சுமை இறங்கியிருக்கும். சொல்லவில்லை. மறந்து போய் இல்லை, ரயில் வந்துவிட்டதாலும் இல்லை. ரயில் நிறைய நேரம் நின்றது. அதை வாயைத் திறந்து சொன்னால், இத்தனை வருஷம் என் பிள்ளையைப் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்று அப்போது திரும்பிப் பார்த்துவிடும் என்று பயந்தேன். மகளைப் பின்னால் இழுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். "பத்திரமாப் போயிட்டு வாங்க அண்ணி" என்றேன். போய்விட்டு வருவதாவது! அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். ரயில் போனது.

போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது, அண்ணன் யாரையோ கொண்டு எழுதியது. அந்த ஊரில் காடெல்லாம் எருக்குதான் என்று அண்ணி சொல்லச் சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. நான் பதில் போட்டேன். எல்லோரும் சுகம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

இப்போது என் மகளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஒன்பது நாளையும் தாண்டிவிட்டாள், எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். இனி எதற்குப் பயப்பட வேண்டும்? நேற்று தலையணையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். ஓரத்துத் தையல் விட்டுப்போய்க் கொஞ்சம் பஞ்சு வெளியே வந்தது. அதில் அண்ணி கிள்ளத் தவறிய ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளிவிட்டுத் தைத்து வைத்தேன். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாதவருக்கு, ஸ்டேஷனில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அண்ணி, அன்னைக்கு என் வயித்துலயும் புள்ள இருந்துச்சு. அது பொழச்சிருச்சு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.